முதல் ஆட்டத்திற்கு எந்தக் காடு?

கோடை விடுமுறையில் ஊரிலிருந்து பாட்டி வந்திருக்கிறார். தில்லி வெயிலில் பகற்பொழுதில் வெளியே செல்ல இயலாது. பேரன், பேத்தி, எதிர்வீட்டுப் பஞ்சாபிச் சிறுவன் ஆகிய மூவரும் பாட்டியைச் சுற்றி அமர்கின்றனர். பறவைப் படம் பொறித்த பெரிய பெட்டியொன்று அலமாரியிலிருந்து இறங்குகிறது. பேத்தி விதிநூலை அரைமணி நேரம் படித்து விளக்குகிறாள். அவள் முடிக்கும் முன்பே, "நீங்க விளையாடுங்க கண்ணு, நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிப் பாட்டி எழுந்துவிடுகிறார். சிறிது நேரத்தில் எதிர்வீட்டுச் சிறுவனும் கைப்பேசியை நாடுகிறான். பிழை பாட்டியினுடையது அன்று, விளையாட்டினுடையதும் அன்று. அன்றைய பொழுதுக்கு அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தவருடையது.

காடு, பறவை, மரம், ஆறு ஆகியவற்றைக் கருப்பொருளாகக் கொண்ட பலகை விளையாட்டுகள் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. அவற்றின் பெட்டிகள் கண்ணைக் கவர்வன. ஆயினும் பெட்டியின் அழகைக் கண்டு விளையாட்டை வாங்குவது, அட்டையின் அழகைக் கண்டு புத்தகத்தை வாங்குவதற்கு ஒப்பாகும். இயற்கை படத்தில் மட்டும் இருக்கிறதா, விதியிலும் இருக்கிறதா என்பதே முதலில் நோக்கத்தக்கது. பரமபதத்தை எடுத்துக்கொள்வோம். பலகை முழுதும் பாம்புகள் நெளிகின்றன. ஆனால் பாம்பை நீக்கிவிட்டு வழுக்குமரம் வரைந்தாலும் ஆட்டம் மாறாது. தாயக்கட்டை சொன்னபடி காய் நகர்கிறது. ஆடுபவர் முடிவு செய்வதற்கு ஒன்றுமில்லை. நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் அதைப் பாம்பைப் பற்றிய விளையாட்டு என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

இந்தச் சோதனையில் மிக எளிதாகத் தேறுவது, பாட்டியை எழச்செய்த அந்தப் பறவை விளையாட்டேயாகும். அதன் பெயர் விங்ஸ்பேன். சிறகின் விரிநீளம் என்பது பொருள். அமெரிக்காவைச் சேர்ந்த எலிசபெத் ஹார்கிரேவ் உருவாக்கிய இது 2019இல் வெளிவந்தது. முதல் தொகுப்பில் 170 பறவைச் சீட்டுகள் உள்ளன. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. ஒவ்வொன்றிலும் அப்பறவை வாழும் இடம், உண்ணும் உணவு, கூட்டின் வகை, சிறகின் விரிநீளம் ஆகியன குறிக்கப்பட்டுள்ளன. வேட்டைப் பறவைகள் பல, கட்டிலிருந்து ஒரு சீட்டைத் திருப்பிப் பார்க்கும். அதிலுள்ள பறவையின் சிறகு குறிப்பிட்ட அளவுக்குக் குறைவாக இருந்தால் அதை இரையாக்கிக்கொள்ளும். நம் ஊர்க் குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடுவதுபோலப் பிற பறவையின் கூட்டில் முட்டையிடும் அமெரிக்கப் பறவையொன்றும் இதில் உண்டு. மற்றொருவர் முட்டையிடும் வேளையில் அதுவும் ஓசையின்றித் தன் முட்டையை வேறொரு பறவையின் கூட்டில் வைத்துவிடும். விதியே உயிரியல் பாடமாகிவிடுகிறது.

எனினும் புதியவருக்கு முதல் விளையாட்டாக இது ஆகாது. ஒவ்வொரு சீட்டிலும் ஆங்கில வாசகம் இருக்கிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டிக்கும், எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறு குழந்தைக்கும் ஒவ்வொரு முறையும் எவரேனும் படித்துச் சொல்லவேண்டும். கையிலுள்ள சீட்டைப் பிறருக்குக் காட்டிப் பொருள் கேட்பவர் விளையாடுவது எங்ஙனம்? அவர் விருந்தாளியாக அமர்ந்திருப்பார், ஆட்டக்காரராக அன்று. ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் நடுவர் குழுவும் 2019இல் இதற்குப் பரிசளித்தபோது, பழகிய ஆட்டக்காரர்களுக்கான பிரிவிலேயே அளித்தது. அக்குறிப்பைப் பெட்டியை வாங்குவோர் கவனிப்பதில்லை.

ஒளிச்சேர்க்கை என்னும் பொருளுடைய போட்டோசிந்தசிஸ் 2017இல் வந்தது. அறிவியல் ஆசிரியர்கள் கண்டால் விடமாட்டார்கள். பலகையைச் சுற்றிக் கதிரவன் நகரும். உயர்ந்த மரத்தின் நிழல் நீளும். நிழலில் அகப்பட்ட குட்டை மரத்திற்கு ஒளி கிடைக்காது. ஒளியைச் சேர்த்தால்தான் விதை ஊன்றலாம், மரத்தை வளர்க்கலாம். பகடை இல்லை, குருட்டு வாய்ப்புக்கு இடமில்லை. தொல்லையும் அங்கேயே பிறக்கிறது. தொடக்கத்தில் இடம் தவறி நட்டவர் ஒளியின்றித் தவிப்பார்; ஒளியின்மையால் வளரமாட்டார்; வளராமையால் மேலும் நிழலில் வீழ்வார். காட்டில் நிகழ்வதும் இதுவே. ஆனால் முதன்முதலில் ஆட அமர்ந்த எட்டு வயதுக் குழந்தை, தோற்றுவிட்டதை அறிந்த பின்னும் அரைமணி நேரம் காத்திருக்க நேர்வது கொடுமை. ஆடியவர் அனைவரும் ஒருமுறை தோற்றுப் பழகிய பின்னர் இதை எடுப்பதே முறை.

கடையில் ஒன்றை வாங்கியே தீரவேண்டும் என்பவர்க்குக் கேஸ்கேடியா ஏற்றது. ராண்டி பிளின் உருவாக்கிய இவ்விளையாட்டு 2022ஆம் ஆண்டுக்கான மேற்குறித்த ஜெர்மானியப் பரிசைப் பெற்றது; இம்முறை அனைவருக்குமான பிரிவில். வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையிலுள்ள மலையும் காடும் ஆறும் புல்வெளியும் சதுப்பும் அறுகோணத் துண்டுகளாக வருகின்றன. கரடி, எல்க் மான், சால்மன் மீன், பருந்து, நரி ஆகிய ஐந்து உயிர்கள் வட்டக் காய்களாக வருகின்றன. ஒவ்வொரு முறையும் நடுவிலுள்ள நான்கு இணைகளுள் ஒன்றை எடுத்துத் தம் நிலத்தில் சேர்க்கவேண்டும். இருபது முறை சேர்த்தால் ஆட்டம் முடிந்தது. துண்டுகளிலும் காய்களிலும் எழுத்தே இல்லை. பருந்துகள் ஒன்றையொன்று ஒட்டாமல் தனித்து நின்றால் மதிப்பு. சால்மன்கள் வரிசையாக நீந்தினால் மதிப்பு. நரியைச் சுற்றிப் பலவகை உயிர்கள் இருந்தால் மதிப்பு. ஒருவர் நிலத்தை மற்றொருவர் கெடுக்க இயலாது. தோற்றவரிடமும் கடைசியில் ஓர் அழகிய நிலப்பரப்பு எஞ்சியிருக்கும். பலரும் அதைக் கலைக்க மனமின்றிச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருப்பர்.

குறையொன்று உண்டு. சால்மனும் எல்க்கும் இந்தியக் குழந்தைகள் கண்டறியாதவை. இத்தகைய பெட்டிகளின் விலையும் நம் நாட்டில் சில ஆயிரம் ரூபாயாகிறது.

விலையே இல்லாத ஒன்று பாட்டியின் நினைவில் இருக்கிறது. ஆடு புலி ஆட்டம் அது. உச்சியிலிருந்து பிரிந்து இறங்கும் சில கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் சில கோடுகள். அவை சந்திக்கும் புள்ளிகள் 23. புலிகள் 3, ஆடுகள் 15. தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்களின் கற்றரையில் இக்கோடுகளைச் செதுக்கி வைத்திருப்பதை இன்றும் காணலாம். அடுக்குமாடி வீட்டில் கல்லைச் செதுக்க வேண்டியதில்லை; சுண்ணக்கட்டி போதும். புளியங்கொட்டைகள் ஆடுகளாகும், மூன்று கூழாங்கற்கள் புலிகளாகும்.

ஆடுகள் ஒவ்வொன்றாகப் பலகையில் இறங்கும். பதினைந்தும் இறங்கிய பின்னரே அவை நகரலாம் என்பது பல ஊர்களின் வழக்கம். புலியோ இடையிலேயே உலாவும். பக்கத்திலுள்ள ஆட்டுக்கு அப்பால் உள்ள புள்ளி காலியாக இருந்தால் தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டும். அங்கே மற்றோர் ஆடு நின்றால் புலியால் ஒன்றும் செய்ய இயலாது. மூன்று புலிகளும் நகர இடமின்றி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி. பெயர்களை மறைத்துவிட்டு இவ்விதிகளை மட்டும் கேட்டாலும், மந்தையை விட்டு விலகிய விலங்கு இரையாவதும் நெருங்கி நிற்பவை தப்புவதும் விளங்கிவிடும். அச்சிட்ட விதிநூல் வேண்டியதில்லை. இரண்டு நிமிடம் போதும்.

இது தமிழர்க்கு மட்டும் உரியதும் அன்று. தெலுங்கு மக்கள் இதைப் 'புலி மேக' என்பர். நேபாளத்தில் 'பாக் சால்' என்னும் பெயரில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள் கொண்டு ஆடுவர். ஹைதராபாத்திலிருந்து வந்த வகுப்புத் தோழியும், கீழ்வீட்டு நேபாளக் காவலரும் பலகையைக் கண்டதும் தத்தம் ஊர் விதியைச் சொல்லக்கூடும். அப்போது கடினமான விதிநூலை வாசித்துப் பொருள் சொல்லும் நிலை மாறி, ஊருக்கு ஊர் உள்ள வேறுபாட்டைப் பற்றிய பேச்சு தொடங்கும்.

இருவர் மட்டுமே ஆடக்கூடியது என்று சிலர் மறுப்பர். அது உண்மையே. ஆனால் ஆடுகளின் பக்கம் இருவரோ மூவரோ கூடிக் கலந்துபேசி ஆடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. மந்தைக்கு அதுவே பொருத்தமும் ஆகும்.

எந்தப் பக்கத்தைப் புதியவருக்குக் கொடுப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எண்ணிக்கையைக் கண்டு ஆடுகளைக் கொடுப்போர் பலர். அது தவறு. ஆடுகளைக் காக்க முன்யோசனை வேண்டும். ஒரு புள்ளி தவறினால் ஓர் ஆடு போகும். புலிக்கோ காத்திருந்து குதிக்கத் தெரிந்தால் போதும். எதிர்வீட்டுச் சிறுவனிடம் மூன்று கூழாங்கற்களைக் கொடுத்துவிடலாம். புளியங்கொட்டைகள் பாட்டியின் பக்கம் இருக்கட்டும். அவர் எழுந்து போகமாட்டார்.