வானத்திலிருந்து எண்ணப்பட்ட புதைகுழிகள்

முள்ளிவாய்க்காலின் செய்மதிப் படமொன்றை நான் முதன்முதலாகப் பார்த்தது 2009 மே மாத நடுப்பகுதியில், கொழும்பில் பத்திரிகை அலுவலகக் கணினித் திரையில். ஒருபுறம் கடல், மறுபுறம் நந்திக்கடல் நீரேரி, இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய மணல்திட்டு. அதன்மீது அரிசியை அள்ளித் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். அவை தறப்பாள்கள் என்று விளங்குவதற்குச் சிறிது நேரம் பிடித்தது. மே 6 ஆம் திகதிய படம் அது. மே 10 ஆம் திகதிய அடுத்த படத்தில் அந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவற்றைக் காணவில்லை. இடைப்பட்ட காலம் நான்கே நாட்கள்.

அந்த ஒப்பீட்டைச் செய்தது விஞ்ஞான முன்னேற்றத்துக்கான அமெரிக்கச் சங்கம். சர்வதேச மன்னிப்புச் சபையும் மனித உரிமைகள் கண்காணிப்பகமும் கேட்டுக்கொண்டதன் பேரில், வர்த்தக ரீதியாக விற்கப்படும் செய்மதிப் படங்களை வாங்கி அவர்கள் ஆராய்ந்தார்கள். எறிகணைகள் விழுந்த குழிகளைக் குறித்தார்கள். மோட்டார் நிலைகளைக் குறித்தார்கள். தறப்பாள்கள் மறைந்துவிட்டன என்பதால் அவற்றுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. மக்கள் எறிகணை வீச்சுக்கு அஞ்சித் தெற்கே நகர்ந்திருக்கலாம். விஞ்ஞானிகளுக்கு அந்த எச்சரிக்கை இருந்தது. எமக்கு அன்று இருக்கவில்லை. அந்த வெறுமையான மணலைப் பார்த்தபோது அலுவலகத்தில் யாரும் பேசவில்லை.

இப்படங்கள் எதற்காகத் தேவைப்பட்டன என்பதை இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் பணியாளர்கள் வன்னியில் இருந்து வெளியேற்றப்பட்டார்கள். சுயாதீன ஊடகவியலாளர்களுக்குப் போர்க்களம் முற்றாக மூடப்பட்டிருந்தது. பொதுமக்களில் ஒருவருக்கேனும் சேதம் ஏற்படாத மனிதாபிமான நடவடிக்கை என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு மாறாகக் கொழும்புக்கு வந்துகொண்டிருந்த தகவல்களின் பிரதான மூலம், வன்னியில் எஞ்சியிருந்த ஒரு சில அரச மருத்துவர்களின் தொலைபேசிக் குரல்களே. அவர்கள் சொன்ன எண்ணிக்கைகளைப் பிரசுரிக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் 'எனத் தெரிவிக்கப்படுகிறது' என்று சேர்த்துக்கொள்வோம். எங்கள் பாதுகாப்புக்காகச் சேர்த்த சொற்கள் அவை. அவற்றை நினைக்கும்போது எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

போர் முடிந்ததும் அந்த மருத்துவர்கள் தடுத்துவைக்கப்பட்டார்கள். 2009 ஜூலை 8 ஆம் திகதி ஐந்து மருத்துவர்கள் கொழும்பில் செய்தியாளர்கள் முன் கொண்டுவரப்பட்டு, தாங்கள் முன்னர் கொடுத்த எண்ணிக்கைகள் மிகைப்படுத்தப்பட்டவை என்றும், விடுதலைப் புலிகளின் நிர்ப்பந்தத்தால் அவ்வாறு சொன்னதாகவும் கூறினார்கள். காவலில் இருக்கும் ஒருவர் சொல்வதற்கு என்ன பெறுமதி என்பது நாற்பது வருடங்கள் செய்தி எழுதியவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒரு சாட்சியைத் தன் வாயாலேயே தன் சாட்சியத்தை மறுக்கச் செய்யலாம் என்பதை அன்று நாடே பார்த்தது. வானத்தில் இருந்து எடுத்த படத்தை எந்த முகாமிலும் தடுத்துவைக்க முடியாது. அதனாற்தான் அப்படங்களுக்கு ஒரு தனிப் பெறுமதி உண்டாயிற்று.

ஐ.நா.வின் செய்மதிப் பிரிவான யுனோசாட், 2009 பெப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்ட படங்களை ஆராய்ந்து, பாதுகாப்பு வலயத்துக்குள் வான் தாக்குதல்களினால் ஏற்படக்கூடிய வகையிலான குழிகள் இருப்பதாக முடிவுக்கு வந்திருந்தது. அந்த அறிக்கை உரிய முறையில் பகிரங்கப்படுத்தப்படாமல் கசிந்தே வெளியே வந்தது. அரசாங்கம் மறுத்தது. ஏப்ரல் 27 ஆம் திகதி கனரக ஆயுதங்களின் பாவனை நிறுத்தப்படுவதாகவும் அறிவித்தது. அதற்குப் பின்னர் எடுக்கப்பட்டவையே நான் மேலே குறிப்பிட்ட மே மாதப் படங்கள் என்பது கவனிக்கத்தக்கது. படங்கள் உலகத் தலைநகரங்களின் மேசைகளில் இருந்தன. பார்க்கவில்லை என்று சொல்ல எவருக்கும் வழியில்லை. பார்த்துவிட்டு என்ன செய்தார்கள் என்பதே கேள்வி.

ஆனால் இந்தப் படங்களைக் கொண்டாடுபவர்களுடனும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

அமெரிக்கச் சங்கத்தின் ஆய்வு மூன்று மயானங்களில் மொத்தம் 1,346 புதைகுழிகளை எண்ணியது. அவற்றில் மிகப்பெரிய மயானம் புலிகளின் போராளிகளுக்கு உரியது என்று கருதப்பட்டது. இந்த எண்ணிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு, இறந்தவர்கள் இவ்வளவுதான் என்று வாதிட முன்வந்தவர்கள் இருக்கிறார்கள். வன்னியில் இருந்து வந்த எவரிடமாவது அவர்கள் பேசியிருந்தால் அந்த வாதம் எழுந்திருக்காது. கடைசி வாரங்களில் மயானத்துக்குக் கொண்டுபோய் வரிசையாக மேடு எழுப்பிப் புதைப்பதற்கு யாருக்கு அவகாசம் இருந்தது? பதுங்கு குழிக்குள் இருந்தவர்கள் மீது எறிகணை விழுந்தால் அந்தக் குழியையே மண்ணால் மூடிவிட்டு மற்றவர்கள் ஓடினார்கள். கடற்கரை மணலில் அப்படி மூடப்பட்ட குழிக்கு மேடு இல்லை, நிழல் இல்லை. அரை மீற்றர் துல்லியம் கொண்ட படத்தில் அது வெறும் மணல்.

எண்ணிக்கைகள் பற்றிய வரலாறும் வேதனையானது. 2008 ஆகஸ்ட் தொடக்கம் 2009 மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா.வின் கொழும்பு அலுவலகம் தொகுத்திருந்தது. அப்போது அதனை அது வெளியிடவில்லை. பொதுமக்களில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று 2011 இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு கூறியது. 2012 இல் வெளியான ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு அறிக்கை, 70,000 க்கும் அதிகமானோருக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை என்றது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்தது ஒரு சாதாரண கழித்தற் கணக்கு. 2008 ஒக்டோபரில் கச்சேரிக் கணக்கின்படி முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் இருந்தவர்கள் 429,059 பேர். போர் முடிந்து அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர். மிகுதி 146,679. இத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று ஆயர் கூறவில்லை. இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். 2021 ஏப்ரலில் அவர் மறையும்வரை எந்த அரசாங்கமும் அதற்குப் பதில் சொல்லவில்லை. பல்லாயிரம் டொலர் பெறுமதியான தொழில்நுட்பம் கேட்காத கேள்வியை ஒரு கச்சேரிப் பதிவேடு கேட்டது என்பதை நான் மறக்கமாட்டேன்.

மணல்திட்டின் மக்களை வெளியேறவிடாமல் தடுத்தவர்கள் யார், பிள்ளைகளைப் போர்முனைக்குப் பிடித்துச் சென்றவர்கள் யார், தப்பியோடியவர்களைச் சுட்டவர்கள் யார் என்பதையும் செய்மதி காட்டாது. நிபுணர் குழுவின் அறிக்கை புலிகளின் மீதும் அக்குற்றச்சாட்டுகளை முன்வைத்தது. எமது மக்களில் பலர் அந்தப் பக்கங்களைப் புரட்டுவதில்லை. படத்தில் அது இல்லை என்பது அவர்களுக்கு வசதியாக இருக்கிறது.

இன்று இந்தத் துறை வெகுதூரம் வந்துவிட்டது. காசாவில் 2023 ஒக்டோபருக்குப் பின்னர் நிகழ்ந்த அழிவை அமெரிக்கப் புவியியல் ஆய்வாளர்களான கோரி ஷேர், ஜேமன் வான் டென் ஹோக் இருவரும் ஐரோப்பாவின் சென்டினல்-1 செய்மதியின் ராடார் தரவுகளைக் கொண்டு அளந்தார்கள். அந்தத் தரவுகள் எவருக்கும் இலவசமானவை. முகிலும் இரவும் ராடாருக்குத் தடையல்ல. உறுதியாக நிற்கும் கட்டடம் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக அலையைத் திருப்பி அனுப்பும். இடிந்துவிட்டால் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். 2024 டிசெம்பர் 1 ஆம் திகதிய படங்களின்படி காசாவின் கட்டடங்களில் 69 சதவீதமானவை சேதமடைந்திருந்ததாக யுனோசாட் கணித்தது. இஸ்ரேலையும் பாலஸ்தீனப் பகுதிகளையும் துல்லியமாகக் காட்டும் படங்களை விற்பதற்கு 1990 களில் அமெரிக்கச் சட்டத்தால் விதிக்கப்பட்ட கட்டுப்பாடு 2020 இல்தான் தளர்த்தப்பட்டது. வானத்துக்கும் அரசியல் உண்டு.

சென்டினல்-1 இன் முதலாவது செய்மதி ஏவப்பட்டது 2014 இல். ஐந்து வருடங்கள் முன்னதாக அது இருந்திருந்தால் என்று சில நண்பர்கள் ஆதங்கப்படுவதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. இடிந்த கட்டடத்தைக் கண்டுபிடிக்கும் முறை அது. முள்ளிவாய்க்காலில் இடிவதற்குக் கட்டடம் எங்கே இருந்தது? தறப்பாளும் கிடுகும் சேலையில் தைத்த மண்மூட்டைகளும்தான். மிகவும் வறியவர்களாக்கப்பட்டவர்களின் அழிவு எந்த வரைபடத்திலும் குறைவாகவே தெரியும்.

ஆகவே தரையில் இருந்தும் எண்ண வேண்டும். பெயர் பெயராக, கிராமம் கிராமமாக. 2025 இல் செம்மணியில் அகழ்ந்தபோது இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அங்கு தோண்ட வேண்டிய இடத்தைத் தெரிவு செய்வதில் செய்மதிப் படமும் உதவியது. ஆனால் அதன் பின்னர் மண்ணைத் தூரிகையால் நீக்கியவை மனிதக் கைகளே.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி முதல் வீதியோரத்தில் அமர்ந்திருந்த தாய்மாரைச் சந்திக்கச் சென்ற ஒரு தடவை, நிபுணர் குழு அறிக்கையின் பிரதி என் பையில் இருந்தது. அதில் இருந்த செய்மதிப் படத்தை ஒரு பெண்மணி வெகுநேரம் பார்த்தார். "ஐயா, இதிலை எங்கட தறப்பாள் தெரியுமோ?" என்று கேட்டார். கடற்கரைப் பக்கமாக, இரண்டு பனைகளுக்குக் கிட்ட என்று சொல்லி விரலால் தடவித் தேடினார். கணவனை அந்தப் பதுங்கு குழிக்குள்ளேயே மூடிவிட்டு மூத்த மகனைத் தேடிப் போனவர் அவர். பனையின் நிழல்கள் படத்தில் பல இருந்தன. எது அவருடையது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தாளைத் தரமுடியுமா என்று கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். நான்காக மடித்து, மகனின் புகைப்படம் வைத்திருந்த பொலித்தீன் உறைக்குள் வைத்துக்கொண்டார்.