யூசெஃப் பாட்கோவ்ஸ்கி: மேடையேறாத இசைக்காரர்

டிரம்ஸ் செட்டில் ஸ்டாண்டின் மேல் ஒரு வட்டமான உலோகத் தட்டு நிற்குமே, சிம்பல், அதை மெத்தென்ற குச்சியால் ஒரே ஒரு தடவை தட்டினால் எவ்வளவு நேரம் ஒலிக்கும்? சில விநாடிகள். அந்த ஒற்றைத் தட்டலை மட்டும் வைத்துக்கொண்டு, வேறு எந்த வாத்தியமும் இல்லாமல், சுமார் இரண்டரை நிமிடத்துக்கு ஓர் இசைப்படைப்பை 1959-ல் போலந்தில் ஒருவர் செய்து முடித்தார். கோட்டோன்ஸ்கி என்பது அவர் பெயர். படைப்பின் தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிடும்: 'சிம்பலில் ஒரு தட்டலுக்கான எட்யூட்'.

போலந்தின் மின்னணு இசை பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அடுத்து பெண்டெரெட்ஸ்கி வருவார், நார்வேக்காரர் நூர்ட்ஹெய்ம் வருவார். இந்த வரிசையில் ஒரு பெயர் எப்போதும் பாதி வாக்கியத்தில் கடந்து போகும். "யூசெஃப் பாட்கோவ்ஸ்கி நிறுவிய ஸ்டூடியோவில்..." என்று ஒரு வரி, அதோடு சரி. கல்யாணத்தில் சாப்பாட்டைப் புகழ்ந்துவிட்டு, பந்தல் போட்டவரை யாரும் கேட்காத மாதிரி!

இவர் யார்? 1929-ல் வில்னோவில் (இன்றைய லித்துவேனியத் தலைநகர் வில்னியஸ்) பிறந்தவர். வார்சா பல்கலைக்கழகத்தில் இசையியல் படித்தவர். புது இசையைப் பற்றிப் பேசுவதும் எழுதுவதும் தொழில். அவரை யாரும் இசையமைப்பாளராக நினைவில் வைத்திருக்கவில்லை. ஆனால் 28 வயதில், 1957-ல், போலந்து வானொலிக்குள் 'பரிசோதனை ஸ்டூடியோ' என்று ஒன்றைத் தொடங்கி, 1985 வரை அதன் தலைவராக இருந்தார். 28 வருடங்கள்! பாரிஸிலும் கொலோனிலும் மிலானிலும் மட்டும் ஐரோப்பாவில் இப்படிப்பட்ட ஸ்டூடியோக்கள் பேர் சொல்லும்படி இருந்த நேரம் அது. நான்கு வருடம் முன்புவரை ஸ்டாலினின் பிடியில் இருந்த ஒரு நாட்டில் இது எப்படி நடந்தது என்பதுதான் சுவாரசியமான கதை.

1949-ல் வாகுவ் என்ற ஊரில் போலந்து இசையமைப்பாளர்களைக் கூட்டிவைத்து அரசு ஒரு பாடம் நடத்தியது. மக்களுக்குப் புரிகிற மெட்டு வேண்டும், சோஷலிச யதார்த்தம் வேண்டும், மற்றதெல்லாம் 'ஃபார்மலிசம்'. அப்போது அந்தப் பாடத்தை நடத்திய கலாச்சாரத் துணை அமைச்சர் சொகோர்ஸ்கி. லுடோஸ்வாவ்ஸ்கியின் முதல் சிம்பொனி ஃபார்மலிச முத்திரை வாங்கி முடங்கியதும் அதே வருடம்தான். சொகோர்ஸ்கி பிறகு அமைச்சராகவே ஆனார்.

1956-ல் காற்று மாறியது. போஸ்னான் தொழிலாளர் எழுச்சி, அக்டோபரில் கொமுல்கா பதவிக்கு வந்தது, கெடுபிடிகள் தளர்ந்தது என்று அந்த ஒரே வருடத்தில் நிறைய நடந்தது. 'வார்சா இலையுதிர் காலம்' என்ற புது இசை விழாவும் அந்த வருடம் பிறந்தது. சொகோர்ஸ்கி அமைச்சர் பதவியிலிருந்து வானொலிக் குழுத் தலைவர் நாற்காலிக்கு நகர்ந்தார். நேற்றுவரை புது இசையை அடக்கிய அதே ஆள்தான், அதைவிடப் புதிய இசைக்கு ஒரு ஸ்டூடியோ திறக்கும் நிறுவனத்தின் தலைவராக உட்கார்ந்திருந்தார்! 1972 வரை அந்த நாற்காலியில் இருந்தார்.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? சொகோர்ஸ்கிக்கு ஞானோதயம் வந்தது என்று நம்புவது கஷ்டம். இங்கேதான் பாட்கோவ்ஸ்கியின் திறமை தெரிகிறது. 'கலைக்காக ஒரு கூடம் வேண்டும்' என்று போய் நின்றிருந்தால் கோப்பு அந்த மேசையைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் ஒரு வானொலிக்கு நாடகம் உண்டு, அறிவியல் நிகழ்ச்சி உண்டு, அவற்றுக்கு விதவிதமான ஒலிகள் வேண்டும். படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் வேண்டும். பரிசோதனை ஸ்டூடியோவின் அன்றாடச் சோறு இதுதான். பொரோவ்சிக், லெனிட்சா இருவரும் எடுத்த 'தோம்' (வீடு) என்ற குறும்படத்துக்கு 1958-ல் இசை தந்தவர் கோட்டோன்ஸ்கி. அந்தப் படம் பிரஸ்ஸல்ஸ் பரிசோதனைப் படப் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. ஸ்டானிஸ்லாவ் லெம் நாவலிலிருந்து 1960-ல் வந்த விண்வெளிப் படத்துக்கான மின்னணு ஒலிகளும் இங்கேதான் தயாராயின. ராக்கெட் சத்தமும் வெள்ளிக் கிரகச் சத்தமும் செய்து கொடுத்த அதே மெஷின்கள், வேலை முடிந்த நேரத்தில் இசையமைப்பாளர்களுக்குக் கிடைத்தன.

மெஷின்கள் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். கம்ப்யூட்டர் கிடையாது, சிந்தசைசர் கிடையாது. ஸ்பூல் டேப் ரெக்கார்டர்கள், ஒலி அலை எழுப்பும் ஜெனரேட்டர்கள், வடிகட்டிகள், கத்தரி, ஒட்டும் டேப். அவ்வளவுதான் ஆரம்பம். அந்தக் கால ஸ்டூடியோக்களில் டேப் ஓடும் வேகம் பெரும்பாலும் விநாடிக்கு 38 செ.மீ. அதை இருமடங்காக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி மேலே போகும், நீளம் பாதியாகும். பாதியாக்கினால் நேர்மாறு. சிம்பல் தட்டலில் அடியிலிருந்து உச்சிவரை எல்லா அதிர்வெண்களும் கலந்து கிடக்கும். வடிகட்டியால் அதைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் வேகம் மாற்றி ஏற்றி இறக்கி, கணக்குப்படி துண்டுகளாக வெட்டி, திரும்பவும் ஒட்ட வேண்டும். இரண்டரை நிமிடம் என்றால் 57 மீட்டர் நாடா. எதில் தவறினாலும் கத்தரியை எடுத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து! இன்று மவுஸை இரண்டு தடவை கிளிக் செய்து இதைச் செய்கிற பிள்ளைகள் ஒரு நாளாவது இப்படி உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

1962-ல் ஸ்டூடியோவுக்கு ஒரு புது அறை கிடைத்தது. வடிவமைத்தவர் ஓஸ்கார் ஹான்சென் என்ற கட்டடக் கலைஞர். சுவர்களில் திருப்பி வைக்கக்கூடிய பலகைகள். ஒரு பக்கம் ஒலியை உறிஞ்சும், மறுபக்கம் எதிரொலிக்கும். 'கறுப்பு அறை' என்ற பெயரில் அது இன்றுவரை டிசைன் படிப்பவர்களுக்கும் தெரிந்த அறை. டேப்பை வெட்டி ஒட்டும் ஒரு வானொலிப் பிரிவுக்கு எதற்குப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் என்று கேட்கத் தோன்றும். ஓர் இடத்துக்கு மதிப்பு வரவேண்டுமானால் அது பார்வைக்கும் மதிப்பாக இருக்க வேண்டும். அங்கே தலைவராக இருந்தவர் இதை அறிந்திருந்தார் போலும்.

பெண்டெரெட்ஸ்கி 1961-ல் இங்கே 'சால்முஸ்' செய்தார். மனிதக் குரலின் உயிரெழுத்து, மெய்யெழுத்து ஒலிகளைச் சிதைத்துச் செய்த படைப்பு. அந்த ஸ்டூடியோவில் கேட்ட ஒலிகள்தான் வாத்தியங்களுக்குத் தான் எழுதும் விதத்தை மாற்றின என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஹிரோஷிமாவுக்கான 'த்ரெனடி'யில் 52 தந்தி வாத்தியங்கள் ஏதோ மெஷின் அலறுவது போல அலறுகின்றனவே, அந்தக் காது எங்கே பழகியது என்று இப்போது புரியும். 'தி ஷைனிங்' படம் பார்த்தவர்கள் பெண்டெரெட்ஸ்கியைப் பெயர் தெரியாமலே கேட்டிருப்பார்கள்.

இன்னொரு பக்கம், கேட்க ஆள் வேண்டுமே. ஸ்டூடியோ வைத்தால் மட்டும் போதாது என்பது பாட்கோவ்ஸ்கிக்குத் தெரிந்திருந்தது. அன்னா ஸ்கிஷின்ஸ்காவோடு சேர்ந்து 'இசையின் தொடுவானங்கள்' என்று பொருள்படும் வானொலி நிகழ்ச்சியை நடத்தினார். அதன் உரைகள் 1970-ல் புத்தகமாகவும் வந்தன. 1973-ல் கிராக்கோவ் இசைக் கல்லூரியில் மாணவர்களுக்காக ஒரு மின்னணு இசை ஸ்டூடியோவையும் தொடங்கி வைத்தார். பொதுவாக விமர்சகர் என்றால் கச்சேரி முடிந்த பிறகு வந்து மதிப்பெண் போடுகிறவர். இவர் கச்சேரி நடக்கும் முன்பே போய் இடம் பிடித்து, கருவி வாங்கி, கேட்பவரையும் தயார் செய்து வைத்தார். 'இது நல்ல இசை' என்று எழுதுவதைவிட இது பெரிய விமர்சனம் இல்லையா?

சரி, புகழ்ந்தது போதும். இந்தக் கதையில் ஒரு உறுத்தலும் இருக்கிறது.

ஸ்டூடியோவில் கத்தரி பிடித்த கைகள் பெரும்பாலும் இசையமைப்பாளர்களுடையவை அல்ல. எவ்கெனியுஷ் ருட்னிக், போஹ்தான் மாசுரெக் போன்ற ஒலிப் பொறியாளர்களுடையவை. இசையமைப்பாளர் ஒரு யோசனையோடு வருவார். அந்த யோசனைக்கு எந்த ஒலி, அதை எப்படிக் கொண்டுவருவது என்பதெல்லாம் இவர்கள் தலையில். உச்சகட்டம் போகுஸ்வாவ் ஷேஃபரின் 'சிம்பொனி'. (பாரிஸின் பியர் ஷேஃபர் வேறு, இவர் வேறு.) அறுபதுகளின் நடுவில் அவர் எழுதிய அந்த ஸ்கோர், ஒலிப் பொறியாளர் வாசிப்பதற்கென்றே எழுதப்பட்டது. குறியீடுகளும் வரைபடமும் ஏராளம், ஆனால் எந்த ஒலி என்பது பெரும்பாலும் பொறியாளரின் முடிவு. 1966-ல் அதை ஒலியாக்கியவர் மாசுரெக். அப்படியானால் கேட்பது யாருடைய சிம்பொனி? அட்டையில் ஷேஃபர் பெயர் பெரிதாக இருக்கும். மாசுரெக் பெயர் சிறியதாக இருக்கும், அல்லது தேட வேண்டியிருக்கும்.

இதற்கு பாட்கோவ்ஸ்கி பொறுப்பா? ஓரளவுக்கு, ஆம். தலைவர் அவர். பெரிய பெயர்களை அழைப்பதுதான் ஸ்டூடியோவைக் காப்பாற்றும் வழி என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு தவறில்லை; வெளிநாட்டிலிருந்து நூர்ட்ஹெய்ம் போன்றவர்கள் வார்சா வந்து வேலை செய்ததும், 1970 ஒசாகா கண்காட்சியில் இங்கே உருவான ஒலிகள் ஒலித்ததும் அதனால்தான். ஆனால் அந்தக் கணக்கில் ருட்னிக்கும் மாசுரெக்கும் நீண்ட காலம் 'உதவியாளர்' கட்டத்திலேயே நின்றார்கள். பெருமையைப் பிறருக்கு விட்டுக்கொடுப்பதில் தலைவருக்கு மனக்குறை இல்லாமல் இருக்கலாம். சம்பளத்துக்கு வேலை செய்கிற பொறியாளருக்கும் அதே மனநிலை இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

அதே நேரத்தில் ஒன்றை மறைக்கவும் கூடாது. அதே மெஷின்களில் ருட்னிக் தன் சொந்தப் படைப்புகளைச் செய்தார். 1965-ல் 'கொலாஜ்', 1967-ல் 'தீக்ஸி'. வானொலியில் வேண்டாமென்று வெட்டி எறியப்பட்ட நாடாத் துண்டுகள் அவருக்குப் பொக்கிஷம். மாசுரெக்கும் தன் பெயரில் இசை செய்தார். இசையமைப்புப் பட்டம் இல்லாத ஒரு ரேடியோக்காரர் இசையமைப்பாளர் ஆக முடிந்த இடம் அந்தக் கால ஐரோப்பாவில் எத்தனை இருந்திருக்கும்?

இரண்டாவது உறுத்தல் அரசியல். 1979 முதல் 1985 வரை போலந்து இசையமைப்பாளர் சங்கத்தின் தலைவர் பாட்கோவ்ஸ்கிதான். நடுவில் 1981 டிசம்பர் 13 வருகிறது, ராணுவச் சட்டம். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பலர் வேலை இழந்தார்கள். கலைஞர்கள் அந்த ஊடகங்களைப் புறக்கணித்தார்கள். நடிகர் சங்கம் 1982-லும், ஓவியர் சங்கமும் எழுத்தாளர் சங்கமும் 1983-லும் அரசால் கலைக்கப்பட்டன. 1982-ல் வார்சா இலையுதிர் கால விழா நடக்கவில்லை. ஆனால் இசையமைப்பாளர் சங்கம் கலைக்கப்படவில்லை. விழாவும் 1983-ல் திரும்பி வந்தது.

கறாராகப் பார்ப்பவர்கள் இதை வளைந்து கொடுத்தது என்பார்கள். அரசு வானொலியில் சம்பளம், அரசு சகித்துக்கொண்ட சங்கத்தில் தலைமை. கேள்வி நியாயமானதுதான். இசைக்கு வார்த்தை இல்லை என்பதால் அரசுக்கு அதன்மேல் பயம் குறைவு என்ற காரணமும் உண்டு. எல்லாவற்றையும் ஒரு மனிதரின் சாமர்த்தியமாக எழுதிவிட முடியாது. ஆனாலும் 1949-ல் வாகுவில் நடந்ததைத் தன் இருபதாவது வயதில் பார்த்த தலைமுறை அது. இடம் பறிபோனால் என்ன ஆகும் என்று அவர்களுக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. உரக்க எதிர்த்தவர்களின் துணிச்சல் ஒரு வகை என்றால், கதவு சாத்தப்படாமல் காலை இடையில் வைத்துக்கொண்டு நின்றது இன்னொரு வகை. காலில் வலி இருந்திருக்கும். பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் முடியாது.

1985-ல் ஸ்டூடியோ பொறுப்பு ரிஷார்ட் ஷெரெமெட்டாவிடம் போனது. தொண்ணூறுகளில் வீட்டுக் கம்ப்யூட்டரே ஸ்டூடியோ ஆகிவிட்டது. வானொலிக்கு இந்தப் பிரிவு செலவாகத் தெரிந்தது. 2004-ல் மூடிவிட்டார்கள். அடுத்த வருடம் பாட்கோவ்ஸ்கி வார்சாவில் காலமானார்.

அதன் பிறகுதான் வேடிக்கை. போவ்ட் என்ற போலந்து இசைத்தட்டு நிறுவனம் பழைய நாடாக்களைத் தட்டுகளாகக் கொண்டுவரத் தொடங்கியது. எந்தெந்தப் பெயரில் தெரியுமா? ருட்னிக் பெயரில் தனித் தொகுப்பு, மாசுரெக் பெயரில் தனித் தொகுப்பு. 2014-ல் ருட்னிக்கைப் பற்றி 'உலகின் 15 மூலைகள்' என்ற ஆவணப்படம் வந்தது. எண்பதைத் தாண்டிய அந்தக் கிழவர் படம் வந்த இரண்டு வருடத்தில் இறந்துபோனார். பாட்கோவ்ஸ்கி பெயரில் வெளியிட நாடா எதுவும் இல்லை. எல்லாத் தட்டுகளின் பின்னட்டையிலும் சின்ன எழுத்தில் ஸ்டூடியோவின் பெயர் மட்டும் இருக்கிறது.