ஸ்காலர்ஷிப் கொடுத்துட்டு ஏன் மலை ஏறச் சொல்றாங்க?

“ஃபீஸ் கட்டுறாங்க, ஃபிளைட் டிக்கெட் எடுத்துத் தர்றாங்க, மாசச் செலவுக்கும் பணம் வருது. சரி, படிக்க விடலாம்ல? எதுக்கு வீக்எண்டுல பஸ் ஏத்தி மலைக்குக் கூட்டிட்டுப் போறாங்க?”

வெளிநாட்டு உதவித்தொகையில் படிக்கப் போகும் பலருக்கும் வரும் சந்தேகம் இது. பதில் எளிது. பணம் கொடுப்பவர்களுக்கு டிகிரி மட்டும் போதாது, உறவும் வேண்டும்.

இது புது ஐடியாவும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் ரோட்ஸ் உதவித்தொகை, 1902-ல் இறந்த செசில் ரோட்ஸின் உயில்படி தொடங்கியது. அமெரிக்காவிலிருந்து தேர்வானவர்கள் அந்தக் காலத்தில் ஒரே கப்பலில் இங்கிலாந்து போவார்கள். கரை சேர்வதற்குள் நட்பாகிவிடுவார்கள். விமானம் வந்து கப்பல் போன பிறகும், கிளம்பும் முன் கூடும் சந்திப்புக்கு ‘செயிலிங் வீக்எண்ட்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கேம்பிரிட்ஜின் கேட்ஸ் உதவித்தொகை 2000-ல் வந்தது. அதன் மாணவர்கள் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளுக்குப் போனார்கள்.

பிரிட்டன் அரசின் செவனிங் இன்னும் வெளிப்படை. விண்ணப்பக் கட்டுரைகளிலேயே தலைமைப் பண்பையும், உறவுகளை உருவாக்கும் திறனையும் கேட்டுவிடுகிறார்கள். படித்து முடித்ததும் 2 ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். நாளைக்கு அமைச்சராகவோ ஆசிரியராகவோ வரப்போகிறவர் பிரிட்டனை நல்லபடியாக நினைக்க வேண்டும் என்ற கணக்குதான். அதில் தப்பில்லை. மறைக்கவும் இல்லையே!

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஹோட்டல் ஹாலில் நடக்கும் ‘நெட்வொர்க்கிங் செஷன்’ யாருக்கு வசதி? பள்ளியிலிருந்தே டிபேட், மாடல் யு.என் என்று பழகியவர்களுக்கு. வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறி வந்தவர், ஜூஸ் கிளாஸோடு சுவர் ஓரமாக நின்று பேட்ஜைத் தடவிக்கொண்டிருப்பார். யார் நிறைய பேசுகிறாரோ அவரே லீடர் என்று ஆகிவிடுகிறது அங்கே.

மலைப் பாதையில் அப்படி இல்லை. பக்கத்தில் நடப்பவரிடம் பேச ‘ஓப்பனிங் லைன்’ தேவையில்லை. மூச்சு வாங்கினால் இரண்டு பேரும் சேர்ந்து நிற்கலாம். அதனால் குறைக்க வேண்டியது ஹால் கூட்டங்களை, பயணங்களை அல்ல.

ஆனா பயணத்துக்கும் எல்லோராலும் வர முடியாது. ஒரு வருட மாஸ்டர்ஸில் ஒரு வீக்எண்ட் பெரிய விஷயம். அசைன்மென்ட் இருக்கும். ஊருக்குப் பணம் அனுப்ப சனிக்கிழமை ஷிஃப்ட் பார்ப்பவர்களும் உண்டு. செவனிங் குடும்பத்தினருக்குத் தனியாகப் பணம் தருவதில்லை. குழந்தையோடு வந்திருக்கும் அம்மா அதை யாரிடம் விட்டுவிட்டு வருவார்? இவர்கள் வராவிட்டால் ‘ஆர்வம் இல்லை’ என்று பெயர். அந்த பஸ்ஸில் உருவாகும் வாட்ஸ்அப் குரூப்பில் பின்னாளில் வேலை வாய்ப்புகள் வரும்போதும் இவர்கள் இருக்க மாட்டார்கள்.

இதைச் சரிசெய்ய பெரிய பட்ஜெட் வேண்டாம். தேதியை மூன்று மாதம் முன்பே சொல்லலாம். குழந்தையைக் கூட்டி வர அனுமதிக்கலாம். சைவம், ஹலால் சாப்பாடு உண்டா என்று கேட்காமலே தெரியும்படி மெனுவை அனுப்பலாம். மழைக்கோட்டும் பூட்ஸும் இரவலாகத் தரலாம், மதுரையிலிருந்து கிளம்பும்போது யார் பெட்டியில் டிரெக்கிங் பூட்ஸ் வைக்கிறார்கள்?