சென்சஸ் வரும்போது சூளையில் இருப்பவர்கள்

முட்டுக்காடு படகு இல்லத்துக்கு வருகிறவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு மோட்டார் படகுக்காக நிற்பார்கள். அங்கிருந்து கொஞ்சம் தள்ளிப் போனால், நீர் வற்றும் நேரத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் பெண்கள் குனிந்து சேற்றைத் தடவிக்கொண்டிருப்பார்கள். பல்லில் கடித்த பனையோலைப் பறி. கையில் தட்டுப்படும் இறாலை அந்தப் பறியில் போடுவார்கள். வலை கிடையாது, படகு கிடையாது. அவர்கள் இருளர்கள். அந்தக் கழியை ஒட்டிய நிலத்தின் விலை இன்று கோடிகளில். ரிசார்ட், அருங்காட்சியகம், கட்டிக்கொண்டிருக்கிற பன்னாட்டு மாநாட்டு மையம் என்று சாலை முழுக்க நிரம்பிவிட்டது. தண்ணீரில் நிற்கிறவர்களுக்கு மட்டும் கரையில் பட்டா இல்லை.

போன மாதம் அவர்களில் ஒரு அக்காவோடு உட்கார்ந்து, அவர் மகனுக்கான விடுதி விண்ணப்பத்தை நிரப்பினேன். பதினோராம் வகுப்புக்குப் போகிறான். பெயர், தகப்பன் பெயர் எல்லாம் முடிந்து ‘மதம்’ என்ற இடத்துக்கு வந்தேன்.

“மதம்னா என்னா தம்பி எழுதணும்?”

“நீங்க என்ன சொல்வீங்க அக்கா?”

“நாங்க கன்னியம்மா புள்ளைங்க.”

நான் ‘இந்து’ என்று எழுதினேன். அவர் சொன்னதை எழுத அந்தத் தாளில் இடமில்லை என்பது காரணம். ஆனால் அந்தக் காரணத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. கேட்காமலே எழுதிவிட்டேன். பத்தாண்டுக்கு ஒருமுறை இந்த நாடு முழுக்க நடப்பதை அன்று நானே ஒரு நிமிடம் செய்தேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

சென்சஸ்காரர்கள் வந்திருக்கிறார்களா என்று அப்புறம் கேட்டேன். எந்த வருசம் என்றார். 2011 என்றேன். விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்போ இவன் கைக்கொழந்த. சூளைல இருந்தோம்” என்றார்.

2011 சென்சஸில் ஆட்களை எண்ணியது பிப்ரவரி 9 முதல் 28 வரை. நம் பக்கத்தில் செங்கல் சூளைகள் மும்முரமாக நடப்பது பொங்கலுக்குப் பிறகு, ஆடி மழைக்கு முன். முன்பணம் வாங்கிய குடும்பம் பிள்ளைகளோடு மொத்தமாகச் சூளைக்குப் போய்விடும். குடியிருப்பில் கிழவர்களும் நாய்களும் இருப்பார்கள். கணக்கெடுப்பாளர் சூளைக்கும் போயிருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் சூளையில் பதில் சொல்லப்போவது யார்? “இங்க இருபது குடும்பம் தங்கி வேலை செய்யுது” என்று எந்த முதலாளி வாயைத் திறப்பார்? 1976-லேயே கொத்தடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்ட நாட்டில், அந்த எண்ணே அவருக்கு எதிரான சாட்சி.

வரப்போகும் சென்சஸின் இரண்டாம் கட்டமும், அதாவது ஆட்களையும் மதத்தையும் சாதியையும் கேட்கும் கட்டமும், 2027 பிப்ரவரியில்தான் நடக்கவிருக்கிறது. மார்ச் 1 நள்ளிரவு நிலவரம்தான் கணக்கு. அதாவது மறுபடியும் சூளைக் காலம்.

2011 கணக்குப்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. அதில் பழங்குடியினர் 7.95 லட்சம், நூற்றுக்கு 1.1. இருளர்கள் சுமார் 1.9 லட்சம், மலையாளிப் பழங்குடிக்கு அடுத்த பெரிய எண்ணிக்கை. செங்கல்பட்டு மாவட்டத்துக்கு எவ்வளவு என்று தேடினால் அந்தப் பெயரே அட்டவணையில் இருக்காது. மாவட்டம் பிறந்தது 2019 நவம்பரில். பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் 39.98 லட்சம் பேரில் பழங்குடியினர் நூற்றுக்கு ஒருவர். 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கை ஒன்றிய அரசு தள்ளித் தள்ளிப் போட்டதால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எத்தனை பேருக்கு ரேஷன் என்பது முதல் உள்ளாட்சியில் எந்த வார்டு யாருக்கு என்பது வரை இன்னமும் 2011-தான். அந்த அக்கா சூளையில் இருந்த வருடம்.

இந்த எண்கள் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் இவை எண்ணப்பட்டவர்களின் எண்ணிக்கைதான், இருப்பவர்களின் எண்ணிக்கை அல்ல. அதிலும் யாரை எந்தப் பெயரில் எண்ணுவது என்பதை அரசு முன்கூட்டியே ஒரு பட்டியலாக எழுதி வைத்திருக்கிறது.

இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே இரண்டரை மணி நேரம் போனால் புதுச்சேரி. அங்கேயும் இருளர்கள் இருக்கிறார்கள். அதே கழி, அதே எலி வேட்டை, அதே கன்னியம்மா. ஆனால் 2011 சென்சஸில் புதுச்சேரியின் பழங்குடியினர் எண்ணிக்கை பூஜ்யம். குறைவு அல்ல, பூஜ்யம். காரணம், அந்த ஒன்றியப் பிரதேசத்துக்குப் பழங்குடிப் பட்டியலே அப்போது அறிவிக்கப்படவில்லை. 2016 டிசம்பரில்தான் இருளர், வில்லி, வேட்டைக்காரன் என்ற பெயர்கள் அங்கே பட்டியலில் ஏறின. மரக்காணம் வரைக்கும் பழங்குடியாக இருந்தவர், எல்லை தாண்டியதும் காணாமல் போனார். தமிழ்நாட்டிலேயே நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தது 2023-இல். ஆகவே 2011 அட்டவணையில் அவர்களை அந்தத் தலைப்பின் கீழ் தேடிப் பயனில்லை. எனவே சென்சஸில் ஒரு சமூகத்தின் எண்ணிக்கை திடீரென ஏறினாலும் இறங்கினாலும், பிறப்பு இறப்பைத் தேடுவதற்கு முன் பட்டியலைப் பாருங்கள்.

2023 குடியரசு தினத்தில் செங்கல்பட்டைச் சேர்ந்த இரண்டு இருளர்களுக்கு, வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும், பாம்பு பிடிக்கும் அறிவுக்காக பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் விஷத்தில் தயாராகும் மருந்து, நாடு முழுக்கப் பாம்பு கடித்தவர்களைக் காப்பாற்றுகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அதே சமூகத்தில் ஒரு பையன் எஸ்.டி. சான்றிதழ் கேட்டால், தாசில்தார் கையெழுத்துப் போதாது, கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டும். அப்பாவிடம் சான்றிதழ் இருக்கிறதா, தாத்தாவிடம் இருக்கிறதா? பள்ளிக்கூடமே போகாத தாத்தாவிடம் யார் என்ன காகிதம் கொடுத்தார்கள்? சிலரிடம் பாம்பு பிடிக்கத் தெரியுமா என்றுகூடக் கேட்பார்கள்.

இந்த இடத்தில்தான் சென்சஸ் வேறுபடுகிறது. அதில் சான்றிதழ் கேட்க முடியாது. சொல்வதை எழுத வேண்டும். ஒரு இருளர் ‘நான் இருளர்’ என்று அரசிடம் சொல்லி, அதை அரசு மறுபேச்சில்லாமல் எழுதியாக வேண்டிய ஒரே தாள் அதுதான். ‘வில்லியர்’ என்று சொன்னால் சிக்கல். தமிழ்நாட்டுப் பட்டியலில் ‘இருளர்’ என்ற பெயர்தான் இருக்கிறது. அந்த ஒரு சொல்லில் ஒரு குடும்பமே பழங்குடிக் கணக்கிலிருந்து நழுவிவிடும்.

மதத்துக்கு வருகிறேன். 2011 படிவத்தில் இந்து, முஸ்லிம், கிறித்தவர், சீக்கியர், பவுத்தர், சமணர் என ஆறு மதங்களுக்குக் குறியீட்டு எண் இருந்தது. மற்றது எதுவானாலும் பெயரை முழுதாக எழுத வேண்டும். அப்படி எழுதவைத்தவர்கள் நாடு முழுக்கச் சுமார் 79 லட்சம். அதில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் ‘சர்னா’ என்று சொன்ன மத்திய, கிழக்கு இந்தியப் பழங்குடிகள். எண் இல்லாமலே இத்தனை பேர். அவர்கள் ஊர் ஊராகச் சொல்லிவைத்துச் செய்தார்கள். தனிக் குறியீடு வேண்டும் என்று 2020 நவம்பரில் ஜார்க்கண்ட் சட்டமன்றம் தீர்மானமே போட்டது. ஆங்கிலேயர் காலத்துச் சென்சஸ்களில் பழங்குடி வழிபாட்டுக்குத் தனித் தலைப்பு இருந்தது. பத்தாண்டுக்கொரு பெயர், எல்லாமே மேலிருந்து பார்த்து வைத்த பெயர். விடுதலைக்குப் பிறகு அந்தத் தலைப்பும் போனது.

தமிழ்நாட்டில் 87.58 விழுக்காடு இந்து என்கிறது 2011. அந்த எண்ணுக்குள் கன்னியம்மா பிள்ளைகளும் இருக்கிறார்கள். மாசிமகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். பல மாவட்டத்து இருளர்கள் சேலைகளையும் துணிகளையும் கட்டிக் கூடாரம் போட்டுத் தங்கியிருப்பார்கள். மணலில் ஏழு படி பிடித்து, விடியற்காலையில் கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே கல்யாணம் முடிப்பார்கள். பார்ப்பனர் இல்லை, வேதம் இல்லை, கருவறை இல்லை. கூப்பிடு தூரத்தில் பல்லவர் கோயில், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

1910-இல் சென்சஸ் ஆணையர் கெய்ட் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். இந்து என்று எழுதப்படுகிறவர்களில் வேதத்தை ஏற்காதவர்கள், பார்ப்பனப் புரோகிதர் இல்லாதவர்கள், கோயிலுக்குள் விடப்படாதவர்கள் யார் யார் என்று தனியாகக் கணக்கிடச் சொன்னது அது. பெரிய கூச்சல் எழுந்தது. அம்பேத்கர் 1948-இல் வெளியான ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில் இதை எடுத்துப் பேசுகிறார். கோயிலில் சேர்க்காதவனை எண்ணிக்கையில் மட்டும் சேர்த்துக்கொள்ளத் துடிப்பது ஏன் என்ற கேள்விக்கு நூறு வருடம் தாண்டியும் பதில் வரவில்லை.

இது என் வீட்டுக் கதையும்தான். கோவளம் பக்கத்துச் சேரி எங்களுடையது. என் ஆயாவைப் புதைத்தது கல்லறைத் தோட்டத்தில், தலைமாட்டில் சிலுவை. என் அப்பாவின் சான்றிதழில் ‘இந்து ஆதிதிராவிடர்’. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியினர் இந்துவாக இருக்க வேண்டும். 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பவுத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவராகவோ முஸ்லிமாகவோ ஆனால் சாதி போய்விடுகிறதாம். எங்கள் தெருவுக்கு இது தெரியவில்லை, ஊர்த்தெருவுக்கும் தெரியவில்லை. பழங்குடிக்கு இந்த நிபந்தனை கிடையாது, எந்த மதமானாலும் பழங்குடிதான். 2011 படிவத்தின் ஒரே கேள்வியில் இரண்டு விதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து, சென்சஸ்காரரிடம் இந்து என்று சொன்ன குடும்பங்கள் எத்தனை என்று எந்த அட்டவணையும் சொல்லாது. 6.12 விழுக்காடு கிறித்தவர் என்ற எண்ணும், 20 விழுக்காடு பட்டியல் சாதி என்ற எண்ணும் இப்படிப் பயத்தில் சொன்ன பதில்களையும் சேர்த்துக்கொண்ட எண்கள்.

இவ்வளவு ஓட்டை என்றால் இந்தக் கணக்கே வேண்டாம் என்று சொல்லலாமே? கல்லூரிக் காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். சாதி ஒழியணும் என்கிறவன் சாதிப் பெயரை ஏன் எழுதித் தரணும் என்று. இப்போது அப்படி நினைக்கவில்லை. முழுச் சாதிக் கணக்கு கடைசியாக வெளியானது 1931-இல். அந்தக் கணக்கை இழுத்து நீட்டித்தான் மண்டல் ஆணையம் 52 விழுக்காடு என்றது. 2011-இல் தனியாக எடுத்த சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கில் 46 லட்சம் பெயர்கள் வந்து குவிந்தன, பிழை என்று சொல்லி அந்தச் சாதி விவரத்தை மூடிவைத்தார்கள். பீகார் 2023-இல் தானே எடுத்து வெளியிட்டது, தெலங்கானாவும் எடுத்தது. சமூகநீதி மண் என்று மார்தட்டும் நம் சட்டமன்றம் 2024 ஜூனில் ஒன்றிய அரசைக் கேட்டுத் தீர்மானம் போட்டதோடு நின்றது. இந்த இடைவெளியில் லாபம் பார்த்தவர்கள் யார்? எண்ணினால் தங்கள் பங்கு எவ்வளவு பெரிது என்று தெரிந்துவிடும் என்கிறவர்கள்தான். ‘எனக்குச் சாதி இல்லை’ என்று எழுத ஆசைப்படும் ஆதிக்கச் சாதித் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் சாதியை நீங்கள் மறக்கலாம், அது கொடுத்த நிலமும் படிப்பும் உங்களோடு இருக்கின்றன. அதை எழுதுங்கள். எழுதினால்தான் எதிர்ப்பக்கத்துக் கணக்கும் தெரியும்.

இந்த வருடம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் ஆசிரியர்கள்தான் கணக்கெடுக்க வருவார்கள், அவர்களில் நம் வாசகர்களும் இருப்பீர்கள். மதத்தைக் கேட்டு எழுதுங்கள், பார்த்து எழுதாதீர்கள். மற்றவர்கள் உங்கள் ஒன்றியத்தில் இருக்கும் இருளர் குடியிருப்புகளை இப்போதே பட்டியல் எடுங்கள். யார் யார் எந்தச் சூளைக்கு, எந்தச் சவுக்குத் தோப்புக்கு வெட்டப் போவார்கள் என்று குறித்து, மாவட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள். ‘இருளர்’ என்ற சொல்லைத்தான் சொல்ல வேண்டும் என்று முன்னாலேயே போய்ப் பேசுங்கள். மதம் என்ன சொல்வது என்பது அவர்கள் பாடு, அதில் நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

விண்ணப்பத்தை மடித்துக் கொடுத்தபோது அக்கா கேட்டார், “அடுத்தது எப்ப வருவாங்க?”

“பிப்ரவரி.”

“மாசியா?”

2027-இல் மாசிப் பௌர்ணமி பிப்ரவரியில்தான் வருகிறது. ஆமாம் என்றேன்.

“பௌர்ணமிக்கு மாபலிபுரம் போயிடுவோம். மத்த நாளெல்லாம் சூளைதான், அட்வான்ஸு வாங்கியாச்சு. அங்க வரச் சொல்லு.”

சூளை எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.