பாதியில் திரும்பியவளை ஏன் கேலி செய்கிறோம்?

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் மறுபடியும் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள் கட்டாயம் கடைசி வரை படிக்கவும்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் தங்கை மகள் போன ஜூலையில் ஆல்ப்ஸ் மலையில் தனியாக நடக்கப் போனது உங்களில் பலருக்குத் தெரியும். மான்ட் பிளாங்க் சிகரத்தைச் சுற்றி ஒரு நடைபாதை இருக்கிறது. பிரான்ஸில் தொடங்கி, இத்தாலிக்குள் இறங்கி, சுவிட்சர்லாந்தைத் தொட்டு, மறுபடி பிரான்ஸுக்கே வந்து சேரும். சுமார் 170 கிலோமீட்டர். வழியில் ஏறும் ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 10,000 மீட்டர் வரும். எவரெஸ்டின் உயரமே 8,849 மீட்டர்தான். வழக்கமாகப் பத்து, பதினோரு நாள் நடை.

அவள் இதைச் சொன்னதும் என் தங்கை அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். "அக்கா, நீ சொன்னா கேப்பா. தனியா போக வேண்டாம்னு சொல்லு." நானும் சொன்னேன். முப்பத்து மூன்று வருஷம் புவியியல் எடுத்தவள், ஆல்ப்ஸ் ஓர் இளம் மடிப்பு மலை என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவள், அந்த மலையில் ஓர் அடி கூட வைக்காதவள், "தனியா எதுக்குடி, யாராவது ஒரு துணையோட போயேன்" என்றேன்.

அவள் வாதாடவில்லை. ஒரு தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். ஒவ்வொரு நாளும் எங்கே புறப்படுவது, எத்தனை மணி நேர நடை, எந்த மலை விடுதியில் படுக்கை பதிவு செய்திருக்கிறாள், எல்லாம் கட்டம் கட்டமாக எழுதியிருந்தது. கடைசிக் கட்டத்துக்கு அவள் வைத்த தலைப்பு "விட்டுவிட்டால்". அன்றைக்கு நடையை நிறுத்த நேர்ந்தால் எந்தப் பக்கம் இறங்க வேண்டும், எந்த ஊரில் பஸ் கிடைக்கும் என்று அதில் எழுதியிருந்தாள். மூன்று நாட்டிலும் 112 என்ற ஒரே எண்ணில் உதவி கேட்கலாம் என்பதும், செல்போன் எடுக்காத இடத்தில் நிமிஷத்துக்கு ஆறு முறை விசில் ஊத வேண்டும் என்பதும் தாளின் அடியில் இருந்தன. அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்த பிறகு எனக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை. தங்கையைச் சமாதானப்படுத்தினேன்.

தினமும் அங்கே இரவு எட்டு மணிக்குள் ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். நமக்கு அது இரவு பதினொன்றரை. ஐந்து நாளும் தவறாமல் வந்தது. மூன்றாம் நாள் 2,516 மீட்டர் உயரத்தில் இருக்கும் செய்ன் கணவாயில் பிரான்ஸிலிருந்து இத்தாலிக்குள் போனாள். "பெரியம்மா, கேட்டும் இல்ல, போலீஸும் இல்ல. ஒரு கல்லு, அவ்வளவுதான்" என்று எழுதினாள். நான் வகுப்பில் சிவப்பு மையால் அழுத்தி அழுத்திப் போட்ட எல்லைக்கோடு அங்கே ஒரு கல்தான்!

ஆறாம் நாள் 2,537 மீட்டர் உயரமுள்ள கிராண்ட் கோல் ஃபெரே கணவாயைத் தாண்டி சுவிட்சர்லாந்துக்குள் இறங்க வேண்டும். பிற்பகலில் இடி மழை என்று வானிலை அறிவிப்பு. கோடையில் அங்கே அது சகஜம். வெப்பச்சலனம் என்று நம் ஊர் வானிலைச் செய்தியில் கேட்கிறோமே, அதேதான். பள்ளத்தாக்கு காய்ந்து, சூடான காற்று மேலே ஏறி, மத்தியானத்துக்கு மேல் மேகம் திரளும். அதனால் காலையிலேயே கணவாயைத் தாண்டிவிட வேண்டும். அவளும் ஆறரைக்குப் புறப்பட்டாள். ஆனால் முந்தின நாள் இறக்கத்தில் பிடித்த முழங்கால் வலி விடவில்லை. நடை தாமதமானது. கணவாய்க்கு இன்னும் ஒரு மணி நேர ஏற்றம் இருக்கும்போதே மேலே கறுத்துவிட்டது. மின்னல் வெட்டியதும் எண்ணினாளாம். ஒன்பது எண்ணும்போது இடி. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்தால் மூன்று கிலோமீட்டர் தூரம். மரமே இல்லாத மேட்டில் நிற்பவளுக்கு அது தூரமே இல்லை.

அந்த நேரத்தில் எட்டுப் பேர் கொண்ட ஒரு குழு அவளைக் கடந்து மேலே போனது. "வா, சேர்ந்து போய்விடலாம்" என்று கூப்பிட்டார்கள். இவள் திரும்பி இறங்கினாள். பள்ளத்தாக்கில் பஸ் பிடித்து கூர்மாயோர் என்ற ஊருக்கு வந்து படுத்தாள். மறுநாளும் மழை என்றார்கள். ஒரு நாள் தவறினால் அடுத்தடுத்த விடுதிகளில் போட்ட பதிவு எல்லாம் தவறிவிடும். கோடையில் அங்கே திடீரென்று படுக்கை கிடைப்பது கஷ்டம். அதனால் பஸ்ஸில் ஏறி, மலையைக் குடைந்து போட்ட 11.6 கிலோமீட்டர் சுரங்கப்பாதை வழியாக பிரான்ஸுக்கே வந்துவிட்டாள். ஐந்து நாள் சுற்றி நடந்த மலையைச் சில நிமிஷத்தில் கடந்தாயிற்று.

அந்த எட்டுப் பேருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. பத்திரமாக சுவிஸ் பக்கம் இறங்கிவிட்டார்கள் என்று பிறகு அவளுக்குத் தெரியவந்தது. அதனால் இவள் எடுத்த முடிவு தப்பாகிவிடுமா? குருட்டாம்போக்கில் விடையை டிக் செய்து மார்க் வாங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். பாடம் தெரிந்துதான் வாங்கினார்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

இனி நம் குழுவில் நடந்ததற்கு வருகிறேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை. எழுதியவர்களுக்குத் தெரியும். "பாதியிலேயே வந்துட்டாளா?" "நான் அப்பவே சொன்னேன்ல." "மூணு நாடுன்னு சொன்னா, சுவிஸ் போட்டோ எங்கே?" கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நானும் அன்றைக்கு ஒன்றும் எழுதாமல் இருந்துவிட்டேன். அது என் தப்பு.

ஒரு வாரம் கழித்து அவளிடம் பேசினேன். மழை, முழங்கால், செலவு எதைப் பற்றியும் அவளுக்கு வருத்தமில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள். "அடுத்த தடவை திரும்பலாமா வேணாமான்னு நிக்கும்போது நம்ம க்ரூப்புதான் பெரியம்மா ஞாபகத்துக்கு வரும்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தனியாகப் போவது ஆபத்து என்று பயந்த நாம்தான், அவள் பத்திரமாகத் திரும்பியதற்குக் கேலி செய்து, அடுத்த முறை திரும்பாமல் இருக்க ஒரு காரணத்தைக் கொடுத்திருக்கிறோம்.

தனியாகப் போவதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கால் பிசகினால் கைகொடுக்க ஆள் இருக்காது. வழி தெரியாதவர்களும் பழக்கமில்லாதவர்களும் தனியாகப் போகவே கூடாது. ஆனால் கூட்டமாகப் போனால் மட்டும் போதும் என்ற நம் நம்பிக்கையும் சரியில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்கள் கூட்டமாகத்தான் போனார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. கூட்டம் என்பதே காவல் ஆகிவிடாது என்றுதான் சொல்கிறேன்.

மலையில் நம்மைக் காப்பாற்றுவது வானத்தைப் பார்க்கும் கண்ணும், கீழே இறங்க ஒரு வழியும், திரும்பி வந்தால் சிரிக்காத வீடும். முதல் இரண்டையும் போகிறவர் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது நம் பொறுப்பு.

அந்த மலையின் சரித்திரத்திலேயே இது இருக்கிறது. ஜெனீவாவைச் சேர்ந்த சோசூர் என்ற விஞ்ஞானி 1760இல் மான்ட் பிளாங்க் உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு அறிவித்தார். பக்கார், பால்மா என்ற இருவர் உச்சியை அடைந்தது 1786இல். நடுவில் இருபத்தாறு வருஷம் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தவர்களே. சோசூரும் 1785இல் முயன்று திரும்பினார். 1787இல் மறுபடி போய் உச்சியைத் தொட்டார். 1785இல் திரும்பியிருக்காவிட்டால் 1787 அவருக்குக் கிடைத்திருக்குமோ என்னவோ.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது வெகு நாளாக மனசில் கிடக்கிறது. 1996இல் எங்கள் பள்ளியிலிருந்து ஏற்காட்டுக்கு மூன்று நாள் மலை முகாம் போனோம். ஒன்பதாம் வகுப்பில் ஒரே ஒரு பெண் பேர் கொடுத்தாள். வீட்டில் அப்பாவிடம் கையெழுத்தும் வாங்கி வந்திருந்தாள். "ஒத்தைப் பொண்ணா எப்படிம்மா?" என்று சொல்லி அந்தப் பேரை அடித்தது நான்தான். முகாமுக்குப் போன ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. நான் கூட இருக்கும்போது அவள் எப்படி ஒத்தை ஆவாள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. அவள் ஒன்றும் பேசாமல் அந்தக் கையெழுத்துத் தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனாள். அம்மா, நீ இதைப் படித்தால் உன் டீச்சரை மன்னித்துவிடு. மன்னிக்க மனசில்லையென்றால் கமெண்டில் திட்டு. நான் அழிக்க மாட்டேன்.

தங்கை மகள் வருகிற ஜூலையில், விட்ட இடத்திலிருந்து மறுபடி நடக்கப் போகிறாள். அந்தத் தாளைப் புதிதாக எழுதி எனக்கும் அனுப்பிவிட்டாள். கடைசிக் கட்டம் அப்படியே இருக்கிறது. அவள் கிளம்பும் அன்று நம் குழுவில் வாழ்த்துச் சொல்லுங்கள். "இந்தத் தடவையாவது முடிச்சுட்டு வா" என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். "பத்திரமா வா" என்று எழுதுங்கள், போதும்.