நிர்வாகியின் மேஜைக்குச் செயற்கை நுண்ணறிவு: எதில் தொடங்கலாம்?

உழவர் உற்பத்தியாளர் கம்பெனி நிர்வாகிகளுக்கு நேரம் போதவில்லை என்பது ஊரறிந்த செய்தி. காலையில் உர லாரி வந்து நிற்கும். பத்து மணிக்கு வங்கி மேனேஜர் வரச் சொல்லியிருப்பார். மதியம் விதை நிலக்கடலை எடை போட வேண்டும். மாலையில் ஏதாவது ஒரு கிராமத்தில் உறுப்பினர் கூட்டம். இவற்றுக்கு நடுவே சென்ற இயக்குநர் குழுக் கூட்டத்தின் தீர்மானங்களை எழுத வேண்டும். வேளாண் அலுவலகம் கேட்ட விவரத்தை அனுப்ப வேண்டும். ஆடிட்டருக்கு பில்களைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எழுத்து வேலை இரவு பத்து மணிக்கு மேல் நடக்கிறது. பல நாட்களில் நடப்பதே இல்லை.

2002-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத் திருத்தத்தின் மூலம் இத்தகைய கம்பெனிகளுக்கு வழி பிறந்தது. 10,000 கம்பெனிகளை உருவாக்கும் மத்திய அரசுத் திட்டம் 2020-இல் தொடங்கப்பட்டபின் அவை வட்டாரம்தோறும் பெருகின. சமவெளிப் பகுதியில் ஒரு கம்பெனிக்குக் குறைந்தது 300 உறுப்பினர்கள் என்று விதி செய்யப்பட்டது. நிர்வாகச் செலவுக்கு மூன்றாண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை உதவி. அதில் தலைமை நிர்வாகியின் சம்பளத்துக்கு மாதம் 25,000 ரூபாய் வரை. உதவிக்காலம் முடிந்தபின் கம்பெனி தன் காலில் நிற்க வேண்டும். அதாவது, இன்னொரு ஆளை வேலைக்கு வைக்கும் வசதி பெரும்பாலான கம்பெனிகளுக்கு இல்லை. இந்த நிலையில்தான் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிர்வாகிகளின் கைப்பேசிக்கே வந்து சேர்ந்திருக்கின்றன.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது. அதன் பின் ஜெமினி முதலிய பலவும் வந்துவிட்டன. தமிழில் கேட்டால் தமிழிலேயே விடை தருகின்றன. தட்டச்சு தெரியாதவர் வாயால் சொன்னாலும் போதும். ஆனால் இவை எப்படி வேலை செய்கின்றன என்பதை அறிந்துகொண்டு தொடங்குவது நலம். கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பழகி, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதும் இயந்திரம் இது. கம்பெனியின் கிடங்கில் எத்தனை மூட்டை இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் வழக்கமும் அதற்குக் குறைவு. நெல்லைப் போட்டால் அரிசி தரும் மில் இது. நெல் போடாதபோதும் ஏதோ ஒன்றைக் கொட்டிவிடும் என்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

ஆகவே நிர்வாகி தனக்கு நன்றாகத் தெரிந்த வேலையில்தான் இதைத் தொடங்க வேண்டும். பலரும் இதற்கு நேர்மாறாகத் தொடங்குகிறார்கள். தனக்குத் தெரியாததைக் கேட்கிறார்கள்: அடுத்த மாதம் மஞ்சள் என்ன விலை போகும், இந்த இலைக்கு என்ன நோய், இந்த மானியம் கிடைக்குமா என்று. வரும் விடை சரியா தவறா என்று பார்த்துச் சொல்ல அவரால் முடியாது. தெரிந்த வேலையைக் கொடுத்தாலோ, பிழை இருந்தால் ஒரே பார்வையில் அகப்பட்டுவிடும்.

இதற்கு மிகவும் ஏற்றது கூட்டக் குறிப்பு. இயக்குநர் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது சட்டம். கூட்டம் முடிந்த அன்றே, நினைவு மாறுவதற்குள், நடந்ததை நிர்வாகி கைப்பேசியில் பேசிப் பதிவு செய்துவிடலாம். யார் வந்தார்கள், எதைப் பேசினார்கள், என்ன முடிவு, யார் பொறுப்பு என்று கோர்வையில்லாமல் சொன்னாலும் பாதகமில்லை. அதைத் தீர்மான வடிவில் எழுதித் தரும்படி கேட்டால் சில நிமிடங்களில் நகல் கிடைக்கும். அதைப் பழைய மினிட் புத்தகத்தின் நடைக்கு ஒப்பிட்டுத் திருத்தினால் போதும். இரவில் இரண்டு மணி நேரம் தின்கிற வேலை அரை மணியில் முடியும்.

பொதுக்குழு அறிவிப்பும் அத்தகையதே. 14 நாட்களுக்கு முன்னதாக உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் எழுத்து மூலம் சேர வேண்டிய அறிவிப்பு அது. கடைசி நேரத்தில் எழுதப்படுவதால் யாருக்கும் விளங்காத ஆபீஸ் பாஷையில் போய்ச் சேருகிறது. உறுப்பினர்கள் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

கேட்கும் முறையிலும் கவனம் தேவை. “விதை விநியோகம் பற்றி அறிவிப்பு எழுது” என்றால் எந்த ஊருக்கும் பொருந்தாத ஒன்றுதான் வரும். புதிதாக வந்த குமாஸ்தாவிடம் சொல்வதுபோல் விவரமாகச் சொல்ல வேண்டும். மானாவாரி நிலக்கடலை போடும் உறுப்பினர்களுக்கான அறிவிப்பு. பத்து வரிக்கு மேல் வேண்டாம். தேதி, இடம், கொண்டுவர வேண்டியவை தனித்தனி வரியில். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலக்க வேண்டும் என்பதை அப்படியே சேர்க்கவும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதால் எளிய தமிழில் இருக்கட்டும் என்று சொன்னால் வேலை ஒழுங்காக நடக்கும். எண்களை நிர்வாகிதான் கொடுக்க வேண்டும். கருவி தானாக ஓர் எண்ணை எழுதியிருந்தால் அதை அடித்துவிடுவதே உத்தமம்.

எண் விஷயத்தில் இத்தனை கண்டிப்பு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். நிலக்கடலைக்கு ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏக்கருக்கு அது ஏறத்தாழ 160 கிலோ. ஹெக்டேர் என்ற சொல் நழுவி ஏக்கர் என்று விழுந்துவிட்டால், இரண்டரை மடங்கு செலவு உறுப்பினர் தலையில் விழும். தஞ்சைப் பக்கத்துக் கணக்கு இன்னும் வேறு. 20 மா ஒரு வேலி, ஒரு மா சுமார் 33 சென்ட். இந்த அளவுகளைக் கருவி குழப்பிக் கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு.

பூச்சிமருந்து விஷயம் இதைவிடப் பெரிது. எண்டோசல்ஃபானை 2011 மே மாதம் சுப்ரீம் கோர்ட் நாடு முழுவதும் தடை செய்தது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிப் பயிர்களுக்கு அடிக்கக் கூடாது என்பது 2005 முதலே உள்ள உத்தரவு. ஆனால் அதற்கு முந்தைய நூல்களிலும் துண்டுப் பிரசுரங்களிலும் இவை பரிந்துரைகளாகவே அச்சாகியிருக்கின்றன. அவற்றையும் சேர்த்துப் படித்த கருவி, பழையதையும் புதியதையும் கலந்து சொல்லாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. தனி விவசாயி ஒருவர் தன் கைப்பேசியில் கேட்டு ஏமாந்தால் நஷ்டம் அவர் வயலோடு நிற்கும். கம்பெனியின் பெயரில் 600 பேருக்குச் செய்தி போனால் 600 வயல்களிலும் மருந்து விழும். பயிர்ப் பாதுகாப்புச் செய்தி எதுவானாலும் வட்டார வேளாண் அலுவலரோ, வேளாண் அறிவியல் நிலையமோ பார்த்த பிறகே அனுப்புவது என்று இயக்குநர் குழு தீர்மானம் போட்டுவிடுவது நல்லது. அவசரத்துக்கு 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் இருக்கவே இருக்கிறது. அங்கே தமிழில் பதில் சொல்ல ஆள் உண்டு.

விலை நிலவரத்துக்கு உழவன் செயலியும், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் உள்நாட்டு மற்றும் ஏற்றுமதி சந்தைத் தகவல் மையமும் உள்ளன. கருவியிடம் ஜோசியம் கேட்க வேண்டியதில்லை.

கணக்கு வேலையிலும் நேரடியாக நம்பிவிடக் கூடாது. நீண்ட பட்டியலைக் கொடுத்துக் கூட்டச் சொன்னால் இக்கருவிகள் சில வேளை தப்பாகக் கூட்டுகின்றன. கூட்டலுக்கு எக்செல் போதும். எக்செலில் இதற்கு என்ன சூத்திரம் போட வேண்டும் என்று கருவியிடம் கேட்கலாம். அந்த வகையில் அது நல்ல வாத்தியார்.

இனி, கொடுக்கக் கூடாதவை. உறுப்பினர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், பட்டா விவரம், கடன் பாக்கி ஆகியவை இக்கருவிகளுக்குள் போகவே கூடாது. இலவசமாகத் தரப்படும் கருவிகளில் நாம் எழுதுவதை அக்கம்பெனிகள் தங்கள் இயந்திரத்தைப் பழக்கப் பயன்படுத்திக் கொள்ள இடமுண்டு. அதை நிறுத்திவைக்க அமைப்புப் பக்கத்தில் வசதி இருந்தும் பலர் பார்ப்பதில்லை. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியிருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இன்னாருக்கு இவ்வளவு பாக்கி என்ற செய்தி வெளியே கசிந்தால் அந்த ஊரில் மறுபடி ஒரு பங்குகூட விற்க முடியாது. பாக்கிதாரருக்கு நினைவூட்டுக் கடிதம் வேண்டுமென்றால் பெயரும் தொகையும் இல்லாமல் நகல் தயாரித்து, அவற்றைக் கையால் நிரப்பிக் கொள்ளலாம்.

கம்பெனி அலுவலகங்களுக்கு இப்போது புதிய வகை விற்பனையாளர்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். ஆண்டுச் சந்தா கட்டினால் எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவே பார்த்துக்கொள்ளும் என்பது அவர்களது பேச்சு. முதல் மூன்று மாதத்துக்கு ஒரு பைசாவும் செலவழிக்காமல் இலவசக் கருவியை வைத்தே நிர்வாகி பழகிப் பார்க்கட்டும். எந்த வேலையில் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வந்தால், சந்தா கட்டத் தகுமா என்பது தானே விளங்கிவிடும். பங்குத்தொகையாக உறுப்பினர்கள் கட்டிய ஆயிரம் இரண்டாயிரத்தில் எழுந்த மூலதனம் அது.

இயக்குநர்களில் மூத்தவர்கள் சிலர் வேறொரு ஆட்சேபணை சொல்கிறார்கள்: எழுதுவதையும் இயந்திரத்திடம் விட்டுவிட்டால் நிர்வாகிக்கு எதற்குச் சம்பளம் என்று. நிர்வாகிக்குச் சம்பளம் கொடுப்பது எழுதுவதற்கு அல்ல. கொள்முதல் நாளில் தராசு அருகில் நிற்பதற்கு. ஈரப்பதம் கூடுதல் என்று வியாபாரி விலையைக் குறைக்கும்போது எதிர்த்துப் பேசுவதற்கு. கூட்டத்துக்கு வராத உறுப்பினரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காரணம் கேட்பதற்கு. மிச்சமாகும் நேரம் அங்கே போக வேண்டும். மிச்சமான நேரத்தில் இன்னும் நாலு அறிக்கை எழுது என்று மேலிடம் கேட்கத் தொடங்கினால் பயன் ஏதுமில்லை. அந்த அபாயம் உண்மையாகவே இருக்கிறது. எந்தக் கிழமைகளில் நிர்வாகி கிராமங்களில் இருப்பார் என்பதை இயக்குநர் குழு முன்கூட்டியே முடிவு செய்து, அலுவலக வாசல் பலகையில் எழுதிவைத்துவிடலாம்.

ஆடிப்பட்டத்துக்கு முந்தைய குழுக் கூட்டத்தில் இதைத் தொடங்குவது வசதி. முதல் மாதம் கூட்டக் குறிப்பும் உறுப்பினர் அறிவிப்பும் மட்டும். கருவி எழுதிய நகலையும் நிர்வாகி திருத்திய பிரதியையும் ஒரே கோப்பில் வைத்து, அடுத்த கூட்டத்தில் இயக்குநர்கள் புரட்டிப் பார்க்கட்டும். திருத்தங்கள் குறைந்து வருகின்றனவா என்று பார்த்தபின் மூன்றாவது வேலையைச் சேர்ப்பது பற்றிப் பேசலாம்.