உள்ளதை எண்ணுவார்கள், இழந்ததை நாம் சொல்ல வேண்டும்



தரை சீமெந்தா, மண்ணா? மலசலகூடம் இருக்கிறதா? மின்சாரக் கட்டணம் எவ்வளவு? எத்தனை பேர் உழைக்கிறார்கள்? படிவத்தோடு வீட்டுக்கு வருபவர்கள் இப்படிக் கேட்கும்போது, "வறுமை பார்த்தாலே தெரியாதா?" என்று சலிப்பு வரும். ஆனால் இந்தக் கேள்விகளுக்கும் நமது உடல்நலத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

ஒரு குடும்பத்தின் சமூக பொருளாதார நிலையைப் பெரும்பாலும் நான்கு விடயங்களைக் கொண்டு அளக்கிறார்கள். அவை கல்வி, தொழில், வருமானம், வீட்டிலுள்ள சொத்துக்கள்.

கல்வியை முதலில் நோக்குவோம். இலங்கை வருமானம் குறைந்த நாடாக இருந்தபோதே குழந்தை இறப்பைப் பெருமளவு குறைத்தது. 1945 இல் வந்த இலவசக் கல்வியால் பெண்பிள்ளைகள் படித்தமை இதற்கு முக்கிய காரணங்களில் ஒன்று. படித்த தாய் நோயை வேளைக்கே இனங்காண்கிறாள். வைத்தியரிடம் தயங்காமல் கேட்கிறாள்.

தொழில் பற்றிய பெயர்பெற்ற ஆய்வு 1967 இல் லண்டனில் தொடங்கியது. சுமார் 18,000 ஆண் அரச ஊழியர்களைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். எல்லோரும் சம்பளம் பெறுபவர்கள், எவரும் பட்டினி கிடந்தவரல்லர். ஆயினும் அடிமட்ட ஊழியரின் இறப்பு வீதம் மேலதிகாரிகளினதைப் போல் சுமார் மூன்று மடங்காக இருந்தது. இடையிலும் பதவி குறையக் குறைய இறப்பு கூடியது. 1985 இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாவது ஆய்வில், தமது வேலையில் சொந்தமாக முடிவெடுக்க இடமில்லாதவர்களுக்கு இருதய நோய் அதிகம் எனக் கண்டார்கள். கிழமைதோறும் கடன் அறவிட வருபவரை நினைத்து நெஞ்சு படபடக்கும் சகோதரிக்கு இது புதிய செய்தியல்ல.

கூலி வேலைக்கும் கடற்றொழிலுக்கும் மாத வருமானம் நிலையாக இராது. ஆகவே குடித்தொகை, சுகாதார அளவீட்டில் தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, வாகனம், தரை, குடிநீர் போன்றவற்றைப் பார்த்துக் குடும்பங்களை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். பிள்ளைகளின் நிறைக்குறைவு போன்றவை எந்தப் படியில் அதிகம் என்பது இதனால் தெரிய வருகிறது.

ஆனால் இந்த அளவுகோல் உள்ளதை மட்டுமே காண்கிறது. போருக்குப் பின்னர் வடக்கு கிழக்கில் இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ் புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. அது போதாமல் கடன்பட்டு வீட்டை முடித்த குடும்பங்கள் பல. கணக்கெடுப்பவர் கண்ணுக்குக் கல்வீடு தெரியும். கடனும், அடகு வைத்த தாலிக்கொடியும், காணாமற்போன கணவரும் தெரியமாட்டா.

எண்ணப்படாமலே போவதும் உண்டு. 2006-07 இல் நடந்த குடித்தொகை, சுகாதார அளவீட்டில் வடமாகாணம் சேர்க்கப்படவில்லை. அங்கிருந்த தாய்மாரின் நலம் அந்தக் கணக்கில் இல்லை. 2016 அளவீட்டில்தான் எல்லா மாவட்டங்களும் இடம்பெற்றன.

2023 இல் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவுக்குக் கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்துக்கள், வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 விடயங்கள் பார்க்கப்பட்டன. முதற் பட்டியல் வெளியானதும் பல இலட்சம் மேன்முறையீடுகள் குவிந்தன.

ஆகவே படிவம் வரும்போது பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

கௌரவத்துக்காக "சமாளிக்கிறோம்" என்று சொல்லி நிறுத்திவிட வேண்டாம். நாட்பட்ட நோய், ஊனம், உடலில் உள்ள குண்டுச் சிதறல் ஆகியவற்றைச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். படிவத்தில் கேட்காவிட்டாலும் கடனைப் பற்றிக் குறிப்பிடுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, பிழை இருந்தால் திருத்துவியுங்கள். பெயர் விடுபட்டால் உரிய காலத்துக்குள் மேன்முறையீடு செய்து, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். எழுதச் சிரமமானவருக்கு எழுதத் தெரிந்தவர் உதவுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒருநாள் கூலி போய்விடும் என்று நம்மில் பலர் கிளினிக்கைத் தள்ளிப்போடுகிறோம். வறுமை நோயாக மாறும் வழிகளில் இதுவும் ஒன்று. 35 வயதைக் கடந்தவர்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்கில் இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் இலவசமாகச் செய்யப்படுகின்றன. உங்கள் பகுதியில் அது எந்த நாளில் நடக்கிறது என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் இம்மாதமே கேளுங்கள். பக்கத்து வீட்டுச் சகோதரியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.